பிரஷ்ஷைக் கண்டால் ஓடும் பஞ்சு

(வளர்ப்புப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் இரண்டு வயது முயல் இருக்கிறாள். பெயர் பஞ்சு. கொஞ்சம் நீளமான முடி. கூப்பிட்டால் வருவாள், காலைச் சுற்றிச் சுற்றி ஓடுவாள், கையிலிருந்து தழை வாங்கித் தின்பாள். ஆனால் தூக்கினால் போதும், உதைத்துத் துள்ளிவிடுவாள். இப்போது முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. போன வாரம் என் கணவர் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் கால் மணி நேரம் சீவினேன். பாதிதான் முடிந்தது. அன்றிலிருந்து என்னைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்கிறாள். பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் பின்னங்காலைத் தரையில் ஓங்கி அடிக்கிறாள். நகமும் வளர்ந்து கிடக்கிறது. அவள் போக்கில் விட்டுவிடலாமா, இல்லை எப்படியாவது பிடித்துச் செய்துதான் ஆகவேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம் சகோதரி. விட்டாலும் ஆபத்து, பிடித்தாலும் ஆபத்து. வேறு வழி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

முதலில் பஞ்சுவின் பக்கம் நின்று பார்ப்போம். காட்டில் பருந்தோ நரியோ பிடித்தால்தான் ஒரு முயல் தரையிலிருந்து தூக்கப்படும். நீங்கள் ஆசையாகத் தூக்கும்போதும் அவள் உடம்புக்கு அதுதான் தெரியும். உங்கள் மேல் பாசம் இல்லாததால் உதைக்கிறாள் என்று நினைக்காதீர்கள். காலைச் சுற்றி ஓடுகிறாளே, முயலின் மொழியில் அதைவிடப் பெரிய பிரியம் கிடையாது. தூக்குவது மட்டும்தான் அவளுக்கு ஆகாது.

விட்டுவிடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. உதிரும் முடியை அவளே நக்கி விழுங்குவாள். பூனைக்கு அது குமட்டலில் வெளியே வந்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். காய்ந்த புல் நிறையத் தின்று, தண்ணீர் குடித்து, ஓடியாடும் முயலுக்கு அது தானாக வெளியேறிவிடும். புல் குறைந்தாலோ, பயத்திலோ வலியிலோ தின்னாமல் கிடந்தாலோ குடல் அசைவது மந்தமாகிவிடும். அப்போது இந்த முடியும் சேர்ந்து தொல்லை கொடுக்கும். புழுக்கைகள் முடியில் கோத்து மணிமாலை போல வந்தால், அவள் நிறைய முடி விழுங்குகிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். புழுக்கை சிறுத்துப்போனாலோ, நின்றே போனாலோ, அரை நாளாக ஒன்றும் தின்னாவிட்டாலோ, அது அவசரம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முடி உதிரும் இந்த வாரங்களில் நான் என் முயல்களுக்குப் புல்லைத் தாராளமாக அள்ளிப் போடுவேன். சீவுவதைவிட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

பிடித்து வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் முயலின் பெயர் சாம்பல். நகம் வெட்ட வேண்டும் என்று அவளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். திமிறினாள். கீழே விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் பிடியை இறுக்கினேன். பின்னங்கால் இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு உதை உதைத்தாள். உடனே அடங்கிவிட்டாள். அப்பாடா, பழகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். தரையில் விட்டபோது முன்னங்கால்களால் மட்டும் நகர்ந்தாள், பின்பாதி துணிபோல இழுபட்டது. முதுகெலும்பு முறிந்திருந்தது. அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முயலின் எலும்புகள் மொத்தம் சேர்ந்து அதன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம்தான் இருக்கும். பூனைக்கு அது 13 சதவீதம் வரை. எலும்பு அவ்வளவு மெலிசு, பின்னங்கால் தசையோ அவ்வளவு பலம். பின்பாதிக்குத் தாங்கல் இல்லாமல் உதைத்தால், தன் பலத்திலேயே தன் முதுகை முறித்துக்கொள்ளும். ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: என்றைக்காவது தூக்கியே ஆகவேண்டி வந்து, அவள் திமிறினால், இறுக்க வேண்டாம். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கியபடி, அப்படியே குனிந்து தரையில் இறக்கிவிடட்டும். எந்த வேலையும் அன்றைக்கே முடிய வேண்டும் என்பதில்லை.

இனி பஞ்சுவுக்கு வருகிறேன். முதல் ஒரு வாரம் பிரஷ்ஷே வேண்டாம். கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், அவள் சாவகாசமாக இருக்கும் வேளையில், தரையில் போய் உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள், முகர்வாள், திரும்பிப் போவாள். கோபத்தில் இருக்கும் முயல் முதுகைக் காட்டி உட்காரும். அப்படி உட்கார்ந்தாலும் நீங்கள் எழுந்து போக வேண்டாம். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ உங்கள் காலை மூக்கால் ஒரு இடி இடிப்பாள். அப்போதும் தொடாதீர்கள். ஒரு கொத்தமல்லிக் காம்பைத் தரையில் வையுங்கள், போதும்.

தொடும்போது எங்கே தொடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தனக்குப் பின்னால் வருவதுகூடத் தெரியும். ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழும் இருப்பது தெரியாது. நாய்க்கு நீட்டுவதுபோல மூக்கின் முன்னால் கையை நீட்டினால், அந்தக் கை திடீரென்று எங்கிருந்தோ முளைத்த மாதிரி இருக்கும். பக்கத்திலிருந்து, அவள் பார்க்கும்படி கையைக் கொண்டுபோய், நெற்றியில் வையுங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்கிலிருந்து காதை நோக்கி விரலால் தடவுங்கள். பிறகு கன்னம், காதின் அடி. பிடித்திருந்தால் தலையைத் தரையோடு தரையாக ஒட்டிவைத்துக்கொள்வாள். ஓயாமல் துடிக்கும் மூக்கு மெதுவாகி, கிட்டத்தட்ட நின்றே போகும். கூர்ந்து கேட்டால் பல்லைப் பல்லோடு லேசாக உரசும் சத்தம் வரும், தாடையில் விரல் வைத்தால் அந்த அதிர்வு தெரியும். இதைக் கேட்ட பிறகுதான் அடுத்த படிக்கே நான் போவேன்.

அடுத்த படிக்கும் பிரஷ் தேவையில்லை. உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, துடைத்து, ஈரம் மட்டும் மிஞ்சும்படி செய்துகொண்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரை முடி படிந்திருக்கும் திசையில் அழுத்தாமல் தடவுங்கள். உதிர்ந்த முடியெல்லாம் கையோடு சுருண்டு வரும். பத்துத் தடவலில் ஒரு கைப்பிடி இலவம்பஞ்சு மாதிரி சேர்ந்துவிடும். அவளுக்கோ நீங்கள் கொஞ்சுவதாகத்தான் தெரியும். முயலின் தலையையும் காதையும் இன்னொரு முயல் நக்கிக் கொடுப்பது வழக்கம். ஈரக் கை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். கெட்டியாக நிற்கும் கொத்துகளை விரல் நுனியால் மெல்லப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். வராதது இன்னும் உதிரத் தயாராகவில்லை, விட்டுவிடுங்கள்.

இந்தக் கைத்தடவல் பழகியதும் பிரஷ்ஷை வெளியே எடுங்கள். கையில் வேண்டாம், தரையில், அவள் தழைத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். முகர்ந்து பார்ப்பாள். ஒருநாள் தாடையை அதன்மேல் தேய்ப்பாள். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. தன்னுடையது என்று நினைக்கும் பொருளின்மேல்தான் அப்படித் தேய்ப்பாள். அன்றைக்கு அந்த பிரஷ் பஞ்சுவின் பொருளாகிவிட்டது. மறுநாளிலிருந்து மூன்று தடவல் கையால், ஒன்று பிரஷ்ஷால். பிரஷ் மெத்தென்ற ரப்பர் பற்கள் உள்ளதாக இருக்கட்டும். நுண்ணிய கம்பிப் பற்கள் உள்ளது வேண்டாம். முயலின் தோல் மிக மெல்லியது, கீறிவிடும்.

இரண்டு நிமிடம் போதும். அவள் எழுந்து போவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். எழுந்து போனால் பின்னாலேயே போகாதீர்கள். கால் மணி நேரம் ஒரேயடியாகச் சீவியதுதான் போன வாரம் அவளைக் கட்டிலுக்கு அடியில் அனுப்பியது. துண்டின்மேல் தவறில்லை. வயிறு, வால், பாதம் ஆகிய மூன்று இடங்களிலும் கடைசியாகத்தான் கை வைக்க விடுவாள். சில முயல்கள் கடைசிவரை விடாது. என் மிளகு ஏழு வருடமாக என்னோடு இருக்கிறான். இன்றுவரை அவன் வயிற்றை நான் சீவியதில்லை. அங்கே சிக்கு விழுந்தால் மருத்துவமனையில்தான் எடுக்கிறோம்.

சிக்கு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சடையாகத் திரண்ட முடியைக் கத்தரிக்கோலால் வெட்டவே வெட்டாதீர்கள். சடையை இழுத்தால் அதன் அடியில் தோலும் கூடாரம் மாதிரி மேலே எழும்பி வரும். முடியையும் தோலையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலால் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். ஒரு சடைக்கு நான்கு நாள் ஆனாலும் சரி. தோலோடு ஒட்டிப்போன சடை என்றால் டிரிம்மர் வைத்து எடுக்க மருத்துவரால் முடியும். உள்ளங்காலில் இருக்கும் முடியைத் தொடவே வேண்டாம். நாய் பூனைக்கு இருப்பதுபோன்ற மெத்தைத் தசை முயலின் பாதத்தில் கிடையாது, அந்த முடிதான் மெத்தை. அது போனால் குதிகால் புண்ணாகிவிடும்.

நகத்துக்கும் இதே கணக்குதான். முன்னங்காலுக்கு ஐந்தைந்து, பின்னங்காலுக்கு நான்கு நான்கு, ஆக மொத்தம் 18 நகம். ஒரு நாளைக்கு ஒன்று வெட்டினால் 18 நாள். நகம் மறுபடி வளர்ந்து வெட்டும் பதத்துக்கு வர ஒரு மாதமாவது ஆகும். ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நீங்கள் தரையில் காலை நீட்டி உட்காருங்கள். தொடைமேல் கொஞ்சம் தழை வையுங்கள். அதைத் தின்ன அவள் முன்னங்கால்களைத் தூக்கி உங்கள் தொடையில் வைப்பாள். முதலில் சில நாள் அந்தக் காலை விரலால் தொட்டு எடுங்கள், அவ்வளவுதான். பிறகு நகவெட்டியை நகத்தில் தொட்டு எடுங்கள். பிறகு நுனியை மட்டும் ஒரு வெட்டு.

எவ்வளவு வெட்டுவது? நகத்துக்குள் ரத்த நாளம் ஓடும். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். கறுப்பு நகமானால் பின்னாலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்கள், நிழலாகத் தெரியும். அதற்குச் சில மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். தப்பித்தவறி ரத்தம் வந்தால் பதற வேண்டாம். சோளமாவை ஒரு சிட்டிகை எடுத்து நக நுனியில் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் மட்டும் மருத்துவரிடம் போனால் போதும்.

நகம் ஏற்கெனவே வளைந்து தரைவிரிப்பில் மாட்டும் அளவுக்குப் போய்விட்டதென்றால், இந்த முறை மட்டும் மருத்துவமனையில் வெட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மாட்டி இழுத்தால் நகமே பிய்ந்துவிடும். பழக்குவதை அடுத்த மாதத்திலிருந்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் மயங்கிச் சொக்கிப்போய் அசையாமல் கிடக்கிறது. ஒரு வீடியோவில் அப்படிப் போட்டு நகம் வெட்டினார்கள். நானும் செய்து பார்த்தேன், சுலபமாக இருந்தது. தொடரலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது தூக்கமும் இல்லை, சுகமும் இல்லை. பிடிபட்டுவிட்டோம், இனி தப்பிக்க வழியில்லை என்னும்போது செத்ததுபோலக் கிடப்பது முயல் போன்ற பிராணிகளின் கடைசித் தற்காப்பு. பிடித்த மிருகம் அசந்து பிடியைத் தளர்த்தினால் எழுந்து ஓடலாம் என்பதற்காக உடம்பே செய்யும் ஏற்பாடு அது. அப்படிக் கிடந்து எழுந்த முயல்களின் ரத்தத்தில் அச்சத்தின்போது சுரக்கும் ஹார்மோன் கூடியிருப்பதைச் சோதித்து அளந்திருக்கிறார்கள். எந்த நொடியில் விழிக்கும் என்று சொல்லவும் முடியாது. விழித்ததும் உதைக்கும். உதைத்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

உங்களுக்குச் சுலபமாக இருந்தது என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. எழுந்தபின் அவன் என்ன செய்தான் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எங்காவது போய் ஒளிந்துகொண்டானா?

கேள்வி: எங்கள் முயலின் பின்பக்கத்தில் எப்போதும் கழிவு ஒட்டியிருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. வாரம் ஒருமுறை குளிப்பாட்டலாமா? எந்த ஷாம்பூ நல்லது?

பதில்: எந்த ஷாம்பூவும் வேண்டாம், குளியலே வேண்டாம். தண்ணீரில் அமுக்கினால் சில முயல்கள் அதிர்ச்சியிலேயே போய்விடும். அடர்ந்த முடி காயவும் நெடுநேரம் ஆகும், அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அந்த இடத்தை மட்டும் ஊறவைத்து, கழிவு இளகியதும் துடைத்து, உடனே துண்டால் ஒற்றி உலர்த்துங்கள்.

ஆனால் அம்மா, துடைப்பதோடு விஷயம் முடியாது. ஆரோக்கியமான முயலின் பின்பக்கம் சுத்தமாகத்தான் இருக்கும். முயல் இரண்டு விதமாகக் கழிக்கும். ஒன்று நாம் பார்க்கும் உருண்டைப் புழுக்கை. இன்னொன்று சின்னத் திராட்சைக்கொத்து மாதிரி, மெத்தென்று, பளபளவென்று இருக்கும். அதை அது குனிந்து வாயாலேயே எடுத்துத் தின்றுவிடும், அது அதற்குச் சத்து. ஒட்டியிருப்பது பெரும்பாலும் இதுதான். தின்னாமல் விட்டிருக்கிறது, அல்லது தின்ன முடியவில்லை. உருண்டைத் தீவனமும் பழமும் அதிகமாகி, காய்ந்த புல் குறைந்திருக்கலாம். உடம்பு பெருத்துக் குனிய முடியாமல் இருக்கலாம். பல்லிலோ முதுகிலோ வலி இருக்கலாம். இன்றிலிருந்தே பழத்தை நிறுத்திப் புல்லைக் கூட்டுங்கள். தீவனத்தையும் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் காலத்தில் ஒருநாள்கூடச் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. அழுக்கான பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். அந்தப் புழுக்கள் உயிரோடு இருக்கும் முயலின் தோலையே அரித்துத் தின்னும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை வாலைத் தூக்கிப் பாருங்கள். முடியின் அடியில் அரிசிக் குருணை போல வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே கிளம்புங்கள். நடு இரவானாலும் கிளம்புங்கள்.

கேள்வி: எங்கள் முயலுக்கு ஆறு வயது. சின்ன வயதிலிருந்தே மடியில் படுத்துச் சீவக் கொடுப்பான். இரண்டு வாரமாக இடுப்பில் கை வைத்தாலே விலகிப் போகிறான், நேற்று கடிக்கவே வந்துவிட்டான். என் மகன் ஏதாவது செய்து பயமுறுத்திவிட்டானோ என்று திட்டிவிட்டேன். மறுபடி எப்படிப் பழக்குவது?

பதில்: முதலில் மகனைக் கூப்பிட்டுத் தட்டிக்கொடுங்கள், பாவம். ஆறு வருடம் மடியில் படுத்தவன் திடீரென்று விலகுகிறான் என்றால், பழக்கத்தைவிட வலியைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். முயல் வலியை வெளியில் காட்டாது. காட்டினால் இரையாகிவிடும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. தொட்டால் விலகுவது, முடி பராமரிப்பு குறைவது, கழிவுப் பெட்டியின் விளிம்பைத் தாண்ட யோசிப்பது, இப்படித்தான் நமக்குத் தெரியவரும். இடுப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள். இந்த வயதில் மூட்டுத் தேய்மானம் வருவது உண்டு. பின்கடைவாய்ப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், சரியாகத் தேயாவிட்டால் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். முன்னே சொன்ன மெல்லிய பல்லுரசல் வேறு. சத்தமாக நறநறவென்று பல்லைக் கடித்தபடி ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் அது வலி.

மருத்துவரிடம் போகும்வரை சீவ வேண்டாம், பழக்கவும் வேண்டாம். அவன் உட்காரும் இடத்தில் வழுக்காத விரிப்பைப் போடுங்கள். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் தொட்டால் விலகுகிறான், வலதா இடதா, காலையிலா மாலையிலா, தின்னும்போது எதை ஒதுக்குகிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அந்நிய இடத்தில், மருத்துவரின் மேசைமேல், அவன் எதையும் காட்ட மாட்டான். உங்கள் தாளைப் பார்த்துத்தான் அவர் எங்கே தொட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். குறிக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள்.